தங்கூஸ் நூல்

வியாழன்தோறும் சின்னப்பாலத்திலிருந்து
நடந்தே வருவாள் ராக்கு,
முந்தானையால் இடது கையைப் போர்த்தியபடி
டீக்கடைக்காரர் கேட்டுவிடக் கூடாதென்று.

மதுரையில் போட்டுவிட்ட குழாய்.
முழங்கைக்கு மேல் நுழைந்து தோளில் திரும்பி
இதயத்து வாசலில் நிற்கிறது நுனி.
வெளியே தெரிவது இரண்டு சென்டிமீட்டரும்
ஓர் ஊதா மூடியும்.
மீதி முப்பத்தெட்டும் நம்பிக்கைதான்.

என் வேலை சின்னது.
பழைய பிளாஸ்டரை உரித்து, துடைத்து, காயவிட்டு
பத்து மில்லி உப்புநீரைத்
தள்ளி நிறுத்தி, தள்ளி நிறுத்தி ஏற்றுவது.
"கடலுக்குப் போகாதேங்கிறீக,
கடலத்தான் ஊசியில ஏத்துறீக."
முதல் தடவை சிரித்தேன்.

இருபது வருஷம் பாரில் மூழ்கிப்
பாசி எடுத்தவள்.
விரலுக்கெல்லாம் துணி சுற்றி மூச்சடக்கியவளிடம்
நனையாதே என்றேன்.
கத்தியே சொன்னேன்.

கச்சான் காற்று மண்ணை வாரி அடித்த வாரம்
பிளாஸ்டர் ஓரம் கிளம்பியிருந்தது.
உள்ளே இரண்டு மூன்று மணல்.
"போனியா?"
"போகல."
"பொய் சொல்லாத. சீழ் வச்சா ரத்தமெல்லாம் ஏறும்,
குளிர்காய்ச்சல்ல போயிருவ."
அவள் சுவரிலிருந்த
போலியோ படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிரிஞ்சை இழுத்தால் ரத்தம் திரும்பவில்லை.
கையைத் தூக்கு, இருமு.
இருமினாள். இழைபோல் வந்தது.
போதும் என்று நினைத்தேன்.
வெளியே தடுப்பூசிக் கூட்டம், பிள்ளைகளின் அலறல்.
அன்று கையின் சுற்றளவை எடுக்கவில்லை.
போன வாரத்து இருபத்தாறையே
நோட்டில் மறுபடி எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை
பூட்டைத் திறக்குமுன் நின்றிருந்தார் நம்புவேல்.
ராக்கு இல்லை.
கையில் ஒரு முழம் தங்கூஸ், அதில் இரண்டு முடிச்சு.

"குழா போட்ட அன்னைக்கே அவ கையச் சுத்தி
அளந்து வச்சேன் சிஸ்டர்,
வலைக்கண்ணு அளக்குற பழக்கம்.
வெள்ளிக்கிழமை முடிச்சும் முடிச்சும் முட்டல.
நேத்து ரெண்டு விரக்கடை எட்டல."

வெள்ளிக்கிழமையே ஏன் வரவில்லை?

"நீங்க ஏசுவீகன்னா."

குழாயைச் சுற்றி ரத்தம் உறைந்து
அக்குள் வரை அடைத்திருந்தது.
கழுத்தில் நரம்பு கயிறாய்ப் புடைத்திருந்தது.
ஆம்புலன்ஸ் பாலத்தில் ஏறியதும்
கடல் எந்தப் பக்கம் என்று கேட்காமலே
தலையைத் திருப்பினாள்.

"மெய்யாத்தான் சிஸ்டர். போகல.
காயப்போட்ட பாசிய அள்ளிக் கட்டுனேன்,
அடுத்தவுக பாசி. அவ்வளவுதான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
நூற்றுக்கணக்கான பிளாஸ்டர் உரித்த விரல்கள்
மடியில் கிடந்தன.

குழாயை எடுக்கவில்லை.
எடுத்தால் மருந்துக்கு வேறு நரம்பில்லை என்றார்கள்.
உறையாமலிருக்க வயிற்றில் ஊசி,
காலையும் மாலையும்.
நம்புவேலே போடப் படித்துக்கொண்டார்;
தூண்டிமுள் பிடித்த கை, நடுங்கவில்லை.

இந்த வியாழன் வந்தாள்.
முந்தானை போர்த்தவில்லை.
டேப்பைச் சுற்றினேன், இருபத்தேழரை.
"நூலு இன்னும் முட்டல," என்றாள்,
"ஆனா கிட்ட வந்துருச்சு."

அவள் போன பிறகு நோட்டைத் திருப்பினேன்.
அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை.
இருபத்தாறின் மேல் ஒரு கோடு போட்டு
பக்கத்தில் எழுதினேன்:
அளக்கவில்லை.