புள்ளி இரண்டு சதவீதம்

பீன்யா இரண்டாம் கட்டம். பவுடர் கோட்டிங் ஷெட்டுக்குப் பின்னால்
எங்கள் சோதனைக்கூடம்.
ஏழரைக்குக் கரண்ட் திரும்பியதும்
கடைசி மாதிரியைப் பிடிகளுக்கு நடுவே மாட்டினேன்.
அலுமினியம். ஏணிப்படிக் குழாயில் வெட்டியது.
உடுக்கை மாதிரி இடை சிறுக்கக்
கடைந்து தந்திருந்தான் சுக்தேவ்.

இழுக்க ஆரம்பித்தேன்.
திரையில் கோடு நேராக ஏறியது.
அதுவரை விட்டால் பழைய நீளத்துக்கே போய்விடும்,
எதுவும் நடந்ததாகக் காட்டிக்கொள்ளாது.
பிறகு எங்கோ கோடு சாயும்.
எங்கே என்பதுதான் வழக்கு.

மென்எஃகு பரவாயில்லை.
பணியும் கணத்தில் சட்டென்று ஒரு சறுக்கல்,
கோட்டில் ஒரு பள்ளம், ஒப்புதல் வாக்குமூலம்.
அலுமினியத்துக்குத்
தான் எப்போது பணிந்தோமென்று தனக்கே தெரியாது.
அதனால் ஓர் ஏற்பாடு:
புள்ளி இரண்டு சதவீதம் தள்ளி
முதல் கோட்டுக்கு இணையாக இன்னொன்று போடு,
அது வளைகோட்டை வெட்டும் இடத்தில்
பணிந்தது என்று எழுது.
இயற்கை போட்ட கோடு இல்லை.
யாரோ சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து
காபி ஆறுவதற்குள் ஒப்புக்கொண்டது.

கல்லூரியில் முதல் வாரம் ஒரு கணக்கு.
அணு வரிசை ஒன்றை அடுத்ததன் மேல்
முழுதாக, ஒரே மூச்சில் நகர்த்த எவ்வளவு விசை?
விடை, நிஜ உலோகம் தாங்குவதைவிட
ஆயிரம் மடங்குக்குப் பக்கத்தில்.
மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.
பிழை கணக்கில் இல்லை,
உலோகத்துக்குள் இருந்தது.

கொரகுண்டேபாளையா சிக்னலில் பச்சை விழுந்தால்
எல்லா வண்டியும் சேர்ந்தா கிளம்புகிறது?
முன்னால் ஓர் ஆட்டோ அளவுக்கு இடம் பிறக்கிறது.
பின்னாலிருப்பவன் அதை நிரப்பித்
தன் இடத்தைக் காலிசெய்கிறான்.
அந்தக் காலியிடம் வண்டி வண்டியாகப் பின்னோக்கி நடந்து
மெட்ரோ தூண்களையும் தாண்டிப் போய்விடுகிறது.
வரிசை ஓரடி முன்னேறியிருக்கும்.
படிகத்துக்குள்ளும் ஒரு குறை இப்படித்தான் நடக்கிறது,
அது நடப்பதால்தான் வளைவு என்பதே உண்டு.
குறைகள் பெருகி ஒன்றில் ஒன்று சிக்கிக்கொண்டால்
உலோகம் இறுகிவிடும்.
இதை எழுதித்தான் பாஸானேன்.

இருநூற்று முப்பத்தொன்று.
வேண்டியது இருநூற்று நாற்பது.

ஹாலப்பா சார் செருப்பு சத்தம் கேட்காமல் வந்து நின்றார்.
நாளை லோடு ஏற வேண்டுமாம்.
"ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடம்மா.
கோட்டை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டா வந்துரும்ல?"
வந்துவிடும். புள்ளி ஐந்தில் போட்டால் வந்துவிடும்.
மார்ச்சில் ஒருமுறை தள்ளியிருக்கிறேன்,
கதவுக் கீலுக்கு. யாரும் சாகப்போவதில்லை என்று.
விசையை எடுத்த பிறகு
என்னில் எவ்வளவு மிச்சம் நின்றதென்று அளக்க
இந்த அறையில் கருவி இல்லை.

ஒரு பக்கம் இழுபட்டு இறுகியதை
எதிர்ப்பக்கம் தள்ளினால் முன்னைவிடச் சீக்கிரம் பணியும்.
இவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்,
ஆறு வருடக் கத்தலில் இறுகியவள்.
தணிந்து கேட்டார்.
அம்மாவின் டயாலிசிஸ் எப்படி இருக்கிறதென்றும் கேட்டார்.

மாதிரி இன்னும் நீண்டுகொண்டிருந்தது.
நடுவில் கழுத்து விழுந்தது.
பட்.

உடைந்த இரண்டையும் பொருத்திப் பிடித்து
நீட்சி அளக்க வேண்டும். அதுதான் முறை.
எத்தனை நன்றாகப் பொருந்தினாலும்
நடுவே மயிரிழை வெளிச்சம் தெரியும்.

தலைக்குமேல் டியூப்லைட் துடித்தது.
சுக்தேவ் எங்கள் ஏணியை இழுத்துவந்து சாத்தி
நான்காம் படியில் நின்றான்.
ஹாலப்பா சார் ஏணியைப் பார்க்கவில்லை.
நான் பார்த்தேன்.

231 என்று அடித்தேன்.
பிரிண்டர் சூடாக நேரமெடுத்தது.
அவர் ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார்.
நாளைக்குச் சொல்வார், இதைவிடத் தணிந்து.

வெளிச்சம் வந்தது. பையன் இறங்கினான்.
நான்காம் படியின் நடுவில் ஒரு சின்னத் தொய்வு.
அவன் இறங்கிய பிறகும்
இருந்தது.