தோல்சட்டைக்காரர்கள்

வெளிறிய அலகுக் காகங்கள்தாம்
முதலில் சொன்னவை.
கிர்வன் கடற்கரை, மார்ச் மாதம், காலை ஆறு மணி.
பந்துருட்டும் புல்தரையின் வடமேற்கு மூலையில்
அத்தனை காகங்கள்.
எங்கள் மன்றத்தின் பொதுக்குழுவுக்குக்கூட
அவ்வளவு பேர் வந்ததில்லை.

மஞ்சளடித்த இடத்தில் ஒரு பிடி புல்லைப் பற்றினேன்.
இழுக்கவில்லை.
வந்துவிட்டது,
பசை காயாத காகிதம் மாதிரி.
வேர் இருக்கவேண்டிய இடத்தில்
மண்ணின் நிறத்தில்
காலும் இல்லை, தலையும் தெரியவில்லை,
ஒன்று.
ஒட்டினாற்போல் இன்னொன்று.
ஒரு சாண் சதுரத்தில் பதினேழு வரை எண்ணினேன்.
பிறகு எண்ணுவதை விட்டுத் தேநீர் குடித்தேன்.

தோல்சட்டை என்கிறார்கள் இங்கே.
பொருத்தமான பெயர்தான்,
நகத்தால் கிள்ளினால் கிழிவதில்லை.

ஏப்ரல் பதினெட்டு, பருவத்தின் முதல் ஆட்டம்.
பொருளாளர் ஆர்ச்சி மக்கெக்னி தொலைபேசியில்:
கொட்டகையில் அந்தப் பழைய மருந்து
கொஞ்சம் கிடக்குமே?
தடை செய்துவிட்டார்கள், ஆர்ச்சி.
யார் பார்க்கப் போகிறார்கள், எஃபி?
காகம் பார்க்கும், என்றேன்.
அவர் இருமினார். வைத்துவிட்டார்.

ஆகவே கறுப்புத் தார்ப்பாய்.
பொழுது சாய்கையில்
தரை சொதசொதக்க நீர் பாய்ச்சி
மேலே விரித்தேன்.
ஓரங்களுக்குப் பாரம் போதவில்லை.
இறந்துபோன உறுப்பினர்களின் பந்துகள்
அலமாரியில் இருந்தன,
அவற்றை எடுத்து வைத்தேன்.
இரவு ஒன்றரைக்குப் போய்க் குனிந்து கேட்டேன்.
வானத்தில் மழை இல்லை.
தார்ப்பாய்க்கு அடியில்தான் தூறிக்கொண்டிருந்தது.

விடிந்ததும் சுருட்டினேன்.
மூச்சுக்காக மேலே வந்தவை
வெளிச்சத்தை என்ன செய்வதென்று தெரியாமல்
நெளிந்து கிடந்தன, தரை முழுக்க.
வேலியில் காகங்கள்,
முதல் பந்திக்கு முந்தி வந்த உறவுக்காரர்களாய்.
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு
நான் ஒதுங்கிக்கொண்டேன்.

ஒதுங்கி நின்றபோதுதான் செப்டம்பர் ஞாபகம் வந்தது.
குளியலறை விளக்கைச் சுற்றி
நூலிழைக் கால்களோடு முட்டிமுட்டித் தள்ளாடும்
அந்த நெட்டைக்காலிப் பூச்சி.
கடிக்காது, கொட்டாது,
ஒரு கால் உதிர்ந்தாலும் பறந்துகொண்டிருக்கும்.
பாவம் என்று
கண்ணாடித் தம்ளரால் மூடி
அடியில் அஞ்சலட்டை செருகி
சன்னலைத் திறந்து
போ, பிழைத்துப் போ என்று
எத்தனை பேரை அனுப்பியிருப்பேன்?
சன்னலுக்குக் கீழே வேறென்ன,
இந்தப் புல்தரைதான்.

ஆர்ச்சியிடம் சொல்லவில்லை.
இனி வரும் செப்டம்பரில் என்ன செய்வேன் என்றும்
எனக்குத் தெரியவில்லை.
தம்ளர் அங்கேயேதான் இருக்கிறது,
பல்தூரிகைக்குப் பக்கத்தில்.