பலகை பிடித்தவன்

பணகுடிக்குத் தெற்கே, காற்றாலைகளுக்கு நடுவில்,
தரிசை ஜேசிபி விட்டுக் கிளறி
மேடும் பள்ளமுமாய் ஒரு வட்டம்.
ஆனி மாதக் காற்று.
எழும்பிய புழுதி ஓரிடத்தில் நிற்காமல்
ராதாபுரம் பக்கமாய்ப் போய்க்கொண்டே இருந்தது.

என் கையில் கரும்பலகை.
வழக்கமாய் அதில் எண்கள்தான் எழுதுவேன்:
எத்தனை சுற்று மிச்சம்,
பின்னால் வருகிறவன் எத்தனை நொடி.

பதினெட்டாவது சுற்றில் மைதீன் முதலாளி
என் காதருகே குனிந்தார்.
"பூலுவ வழி விடச் சொல்லு."

முன்னால் பூலுடையார். ஒட்டினாற்போல் ஆசீர்.
இரண்டு முதுகிலும் ஒரே கடைப் பெயர்,
மேலப்பாளையம் முகவரியோடு.
ஆசீருக்கு இன்னும் மூன்று புள்ளி கிடைத்தால் பட்டம்.
பூலுவுக்கு இந்த வருஷம்
எத்தனை கிடைத்தாலும் பட்டமில்லை.
பட்டம் வந்தால் எண்ணெய்க் கம்பெனிக்காரன்
அடுத்த வருஷ டயர்ச் செலவை ஏற்பான்,
இரண்டு பேருக்கும் சேர்த்து.
முதலாளி கணக்கில் நான் தேடிப் பார்த்தேன்,
தப்பு இல்லை.

'வழி' என்று எழுதியதும் சாக்பீஸ் ஒடிந்தது.
மிஞ்சிய துண்டால் 'விடு' என்று எழுதினேன்.
விடு சின்னதாய் விழுந்தது.

முதல் தடவை அவன் பார்க்காதவன்போல் போனான்.
அடுத்த தடவை பலகையைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தான்.

வேலிக்கு வெளியே நுங்கு தின்றுகொண்டிருந்தவர்
"என்னமா ஏத்துதாம் பாரு அந்தப் பய" என்று
பக்கத்து ஆளை இடித்தார்.
அவருக்குத் தெரிந்தது ஆசீர் முந்தியது.
எனக்குக் கேட்டது வேறு:
மேடு ஏறும்போது, எவனும் குறைக்காத இடத்தில்,
முன்வண்டி ஒரு மூச்சு இறங்கியது.

ராத்திரி வேனில் இரண்டு வண்டியையும்
ஒரே கயிற்றால் கட்டியிருந்தோம்.
நாங்குநேரி டோல்கேட்டில் வரிசை நகரவில்லை.
ஆசீர் மடியில் இருந்த கோப்பையை
பூலு பக்கம் தள்ளினான்.
"நீயே வச்சுக்க" என்றான் பூலு.
"இத வாங்கினா ரெண்டாந்தடவ தோத்த மாதிரில்லா."
கொஞ்ச நேரம் ஹார்ன் சத்தம்.
"கடைசி வளைவுல ஒன்ன அடிச்சிருப்பேம்லே"
என்றான் ஆசீர்,
"அடிச்சிருப்பேனான்னு இனி எனக்கும் தெரியாது."
முதலாளி முன்சீட்டில் தூங்குவதுபோல் இருந்தார்.

எல்லோரும் பலகையைத்தான் பேசினார்கள்.
வெள்ளிக்கிழமையை யாரும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை பார்சல் ஆபீசிலிருந்து
கிளட்ச் பிளேட் ஒரு செட் வந்தது. ஒரே செட்.
யார் வண்டிக்கு என்று அட்டையில் எழுதவில்லை.
முதலாளி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
கை ஆசீர் வண்டிப் பக்கம் போனது,
சாப்பிடும்போது இலைக்குப் போவதுபோல.
ஞாயிற்றுக்கிழமை சாக்பீசால் எழுதியதை
நான் வெள்ளிக்கிழமையே
ஸ்பேனரால் எழுதிவிட்டேன்.
அப்படியும் அந்தக் கருகின பிளேட்டோடு
பதினெட்டு சுற்று முன்னால் போனான் அவன்.

செவ்வாய்க்கிழமை வண்ணார்பேட்டைப் பட்டறைக்கு
பூலு தனியாக வந்தான்.
என்னிடம் எதுவும் கேட்காமல்
தானே கிளட்ச் மூடியைக் கழற்றினான்.
ஒரு பிளேட்டை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தான்.
நகத்தால் சுரண்டினான். முகர்ந்து பார்த்தான்.
பிறகு ஆசீர் வண்டி நின்ற இடத்தை.
பிறகு என்னை,
அன்றைக்குப் பார்த்த மாதிரியே.

"பூலு, அது வந்து..." என்று தொடங்கினேன்.

"விடுங்க" என்றான்.

நான் எழுதிய அதே சொல்தான்,
மரியாதை மட்டும் அவன் சேர்த்தது.
அந்தப் பிளேட்டையே திரும்ப உள்ளே வைத்து
போல்ட் ஒவ்வொன்றாய் முறுக்கினான்.
கடைசி போல்ட் உருண்டு என் காலடிக்கு வந்தது.
எடுத்துக் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டான்.