நான்கு குறைவு

டர்பன் துறைமுகத்தில் கம்பியை வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள்.
விடியும்வரை மின்சாரம் வராது.
கணினி செத்தது, போனிலும் உயிரில்லை.
கேட்டருகே ஒரு பெட்டி:
தாளில்லை, உரிமைக்காரர் இல்லை,
கதவில் வெள்ளைச் சாயத்தில் ஓர் எண் மட்டும்.

மூன்று லட்சத்து எழுபத்தெட்டாயிரத்து
இருநூற்று இருபத்தொன்று.
சொல்லிப் பார்த்தேன். வாய் நிறைந்தது.

பெக்கி கிரேன் கூண்டுக்குள்,
நாற்பது மீட்டர் மேலே, இறங்க வழியில்லாமல்.
வாக்கி-டாக்கியில் சொன்னேன்: "இது பகா எண்."
"பந்தயம்?"
"ஒரு குவார்ட்டர் மட்டன் பன்னி."

சரக்குத் தாளின் பின்பக்கம், டார்ச், பென்சில்.
இரட்டையில்லை. ஐந்தில் முடியவில்லை.
இலக்கங்களைக் கூட்டினால் இருபத்துமூன்று,
ஆக மூன்றும் போயிற்று.
ஏழுக்கு மீதி நான்கு, பதினொன்றுக்கு எட்டு.
பதின்மூன்றுக்கு ஒன்றே ஒன்று போதவில்லை;
பந்தயத்தை மறந்து கொஞ்சம் வருந்தினேன்.
பத்தொன்பதுக்கும் முப்பத்தேழுக்கும் அதே ஏழு மீதி,
பேசிவைத்துக்கொண்ட மாதிரி.

ஒவ்வொரு மீதியையும் மேலே படித்துச் சொன்னேன்.
"ம்" என்பான். அடுத்தது.

அறுநூற்று இருபதின் வர்க்கம் இந்த எண்ணைத் தாண்டிவிடும்,
அதுவரை போனால் போதும்.
சர்க்கரைக் கிடங்கின் வாடை காற்றில் ஏறி இறங்கியது.
நூற்றொன்று. மீதி எழுபத்தேழு.
முந்நூற்றேழுக்கு மூன்று குறைவு.
பென்சிலை மூன்று முறை சீவினேன்.
வகுபடாத ஒவ்வொன்றும் எனக்கு ஒரு வாய் கறி.

அறுநூற்றேழு. மீதி அறுபது.
அது நூற்றுப் பதினோராவது தோல்வி.
கிழக்கே கடல் வெளுக்கத் தொடங்கியது.
இரவைப் பகுப்பதால் பகல் என்று
சாட்ஸ்வொர்த் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுதியது
எதற்கோ நினைவுக்கு வந்தது.

அறுநூற்றுப் பதின்மூன்று.

மீதி எழுத வேண்டிய இடத்தில் எழுத ஒன்றுமில்லை.
பிழையென்று மறுபடி போட்டேன்.
அறுநூற்றுப் பதினேழு முறை,
ஒட்டும் உறவும் இல்லாமல், சுத்தமாக.

"பெக்கி, தோற்றேன்."

சிரித்தான். "நாலைக் கூட்டிப் பார்."

கூட்டினேன்: 378225.
அறுபத்தொன்றை அறுபத்திரண்டால் பெருக்கிப்
பக்கத்தில் இருபத்தைந்தை ஒட்டு.
ஐந்தில் முடிகிற எண்ணின் வர்க்கம்,
ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.
அறுநூற்றுப் பதினைந்துக்கு அறுநூற்றுப் பதினைந்து,
நான்கு மூலையும் உடைந்த ஒரு சதுரம்.
இரண்டு குறைத்தால் ஒருவன், இரண்டு கூட்டினால் மற்றவன்.
ஒரே கூட்டல்.
கீழே நான் எறும்பாக ஊர்ந்த இரவு முழுக்க
மேலிருந்து அவன் பார்த்துக்கொண்டிருந்தது
சதுரம் சதுரமாக அடுக்கிய பெட்டிகளை.

"எப்போது தெரியும்?"
"ஏழுக்கு மீதி நான்கு என்றாயே, அப்போது."
"சொல்லியிருக்கலாமே, பாவி!"
வாக்கி-டாக்கி கொஞ்ச நேரம் கரகரத்தது.
"மேலே ரொம்ப இருட்டு. நீ பேசிக்கொண்டிருந்தாய்."

பதிவேட்டில் உரிமையாளர் கட்டத்தில்
613, 617 என்று எழுதி, பிறகு அடித்தேன்.
பெட்டி இன்னும் கேட்டருகேதான் நிற்கிறது.

பன்னி வாங்கிக் கொடுத்தேன்.
கறியைத் தொடவில்லை அவன்;
ரொட்டியின் நான்கு மூலைகளையும்
ஒவ்வொன்றாக, என்னைப் பார்த்துக்கொண்டே,
முதலில் கடித்தான்.