நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

கதவைச் சாத்தினால்
வேலூர் வெளியே நின்றுவிடும்.
ஆற்காடு சாலையின் ஹாரன்கள், டோக்கன் நம்பர்கள்,
சைக்கிள் டீக்காரரின் மணி
எல்லாம் பஞ்சுச் சுவரின் ஓட்டைகளுக்குள் நுழைந்து
லேசான சூடாகி அடங்கிவிடும்.
சத்தம் அழிவதில்லை, வெப்பமாகிறது என்று
பரீட்சையில் எழுதியிருக்கிறேன். இரண்டு மார்க்.
இந்த ஊரில் யாருக்கும் உறைக்காத ஒரே சூடு அதுதான்.

உள்ளே கன்னியப்பன். சேர்க்காடு.
கல் குவாரியில் ஜாக்ஹாமர், இருபத்தொன்பது வருஷம்.
ஹெட்போனை மாட்டும் முன்னால்
கேட்டதும் கையைத் தூக்குங்கள் என்றேன்.
சரி மேடம் என்று அப்போதே தூக்கினார்.

இருநூற்றைம்பது ஹெர்ட்ஸ். தூக்கினார்.
ஐந்நூறு. தூக்கினார்.
ஆயிரம், கொஞ்சம் யோசித்து.
இரண்டாயிரத்தில் பாதிக் கை.
நாலாயிரம்.
குமிழைத் திருப்பிக்கொண்டே போனேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
கை மடியிலேயே கிடந்தது,
யாரோ வைத்துவிட்டுப் போன மாதிரி.

எட்டாயிரத்தில் கோடு சற்றே ஏறியது.
புள்ளிகளைச் சேர்த்தேன்.
அவர் மலையில் தோண்டிய குழி
தாளில் வந்து நின்றது,
அதே செங்குத்துக் கரையோடு.

அடுத்து, அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு சொற்கள்.
பல் என்றேன். கல் என்றார்.
தலை. மலை.
செடி என்றேன்.
தயங்கவே இல்லை: வெடி.

உயிரெழுத்து தடித்த சத்தம், நீண்ட அலை.
தூணைச் சுற்றும், மூலை திரும்பும்,
கதவு ஒருக்களித்திருந்தாலும் வந்து சேரும்.
மெய் ஒல்லி. பல்லிடுக்கில் ஒரு கீறல்,
உதட்டில் ஒரு வெடிப்பு,
திரைத்துணியிலேயே சிக்கிப் போகும்.
இவருக்கு உயிர் மட்டும் எட்டுகிறது.
மெய்யை அவரே போட்டுக்கொள்கிறார்,
கைக்குக் கிடைப்பதை எடுத்து.

வெளியே பச்சையம்மாள், மடியில் பழைய எக்ஸ்ரே கவர்.
"சோறுன்னா மோருன்றாரு.
ராத்திரியில திருவலம் பாலத்து மேல ரயிலு போனா மட்டும்
தோ ரயிலுன்னு எழுந்து குந்திக்கிறாரு.
நடிக்கிறாரா மேடம்?"

நடிப்பில்லை என்றேன்.
பகலில் தரை கொதிக்கிறது, தரையோரக் காற்றும்.
சூட்டில் சத்தத்துக்கு வேகம் கூடுதல்.
அலையின் அடி முந்தும், தலை பிந்தும்,
மொத்தமும் வானத்தைப் பார்த்து வளைந்துவிடும்.
ராத்திரி தரைதான் முதலில் ஆறும்.
இப்போது தலை முந்தும்.
பொன்னையாற்று மணலைத் தாண்டி
ரயில் உங்கள் ஊர் மேல் கவிழும்.
அதுவும் தடித்த சத்தம்,
அவருக்கு மிச்சமிருப்பது.

பாதியிலேயே தெரிந்துவிட்டது
அந்தம்மா கேட்டது இதை இல்லை என்று.
"அப்ப நான் எம்மாம் கத்துனாலும்?"
கத்தினால் உயிர்தான் பெருக்கும். கிட்டப் போய்ப் பேசுங்க.
தூரம் பாதியானால் சத்தம் நாலு மடங்கு.
"எத்தினி கிட்ட?"
ஒரு முழம்.
முழங்கையிலிருந்து விரல்நுனி வரை
தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

கன்னியப்பன் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி வந்தார்.
அவராகவே சொன்னார்:
மேட்டிலிருந்து பார்த்தால் முதலில் புகை, அப்புறம் கல்.
ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினால்தான் சத்தம்.
"அதுக்குள்ள காதப் பொத்திக்கலாம் மேடம்.
நான் பொத்துனதில்ல.
எண்றதிலயே இருந்துட்டேன்."

காரணம் என்ற கட்டத்தில்
தொழிலிரைச்சல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
கதவு திறந்தது. ஊர் உள்ளே வந்தது.

படி இறங்கும்போது அந்தம்மா
இடப்பக்கமிருந்து அவருடைய வலப்பக்கத்துக்கு மாறினார்.
வலக்காது கொஞ்சம் தேவலை,
நாலாயிரத்தில் பத்து டெசிபெல்.
அதை நான் அவரிடம்
சொல்லவே இல்லை.