குழி காட்டும் விரல்

றூப்பன்யுப்பில் கடை பூட்டியிருந்தது.
பெரிய வெள்ளி, திறக்கமாட்டோம் என்று
கதவில் கையெழுத்துத் தாள்.
"நேற்றே தண்ணி வாங்கியிருக்கலாம்" என்றார்.
"நேற்று நிக்கவிட்டனீங்களே?
சராசரி வேகம் குறையுமெண்டு."
அதோடு பேச்சு நின்றது.
ஆறு கிலோமீற்றர். பத்து.

இரு பக்கமும் கோதுமை அரிதாள்.
இவ்வளவு தேவையா என்று கேட்கத் தோன்றும் வானம்.
காலையில் முன்னால் தெரிந்த தானியக் கோபுரம்
மதியமும் முன்னால்தான் தெரிகிறது,
அதே அளவில்.
அடுப்பைத் திறந்ததுபோல் வடக்குக் காற்று
நேரே முகத்துக்கு.

எதிர்காற்றுக்கு ஒரு வழிதான் உண்டு.
முன்னால் போகிறவர் காற்றை உடைக்க
பின்னால் வருகிறவர் அவர் சில்லுக்கு
ஒரு முழம் விட்டு ஒட்டிக்கொண்டு வரவேண்டும்.
கோபமென்றாலும் ஒட்டித்தான் வரவேண்டும்.
இரண்டு முழம் தள்ளிப்போனால்
காற்று பிடித்துக்கொள்ளும்.

ஆகவே பகீரதனின் முதுகைப் பார்த்தபடி வந்தேன்.
இருபத்தாறு வருடத்தில்
இவ்வளவு நேரம் அதைப் பார்த்ததில்லை.
உப்புப் பூத்த நீலச் சட்டை.
டண்டினோங்கில் முடிவெட்டியவன்
பிடரியில் மறந்துவிட்ட ஒரு கீற்று நரை.
வலது தோள் இடதைவிட ஒரு விரற்கடை உயரம்.
தையற்காரருக்குத் தெரிந்திருக்கும்,
எனக்குத் தெரியாது.

பேசாத அந்த முதுகிலிருந்து
அடிக்கடி ஒரு கை கீழே இறங்கும்.
குழியென்றால் விரல் காட்டும்.
உடைந்த போத்தலென்றால் உள்ளங்கை விசிறும்.
செத்த கங்காருவுக்கு,
மணம் வருமுன்பே,
ஒதுங்கு என்று தாளும்.
செம்மறி ஏற்றிய லொறியைக்
கண்ணாடியில் முதலில் கண்டதும் அவர்தான்.
கை முழுதாய் நீண்டு
மண்ணுக்கு இறங்கு என்றது.
மூன்று தட்டு ஆடுகள்
எங்களையே பார்த்துக்கொண்டு போயின.
புழுதி அடங்கும்வரை அருகருகே நின்றோம்.
அப்போதும் பேசவில்லை.

மண்ணில் இறங்கியதற்கு விலை இருந்தது.
முதலில் அவருடைய பின்சில்லு,
பிறகு முன்சில்லு,
நான் சிரிக்கத் தொடங்கியதும்
என்னுடையதும்.

நெருஞ்சி.
இங்கே யார் கொண்டுவந்து போட்டார்களோ
அதே முள், அதே கொம்பு.
இதன் பெரிய சாதிக்கு
யானைவணங்கி என்று பெயர்.
யானை அளவுக்கு ஒன்றுமில்லை,
இரண்டு பேர்
வீதியோரத்தில் முழந்தாளிட்டிருந்தோம்.
என் கொண்டையூசியால் கிண்டிக் கிண்டி
பதினொரு முள் எடுத்தேன்.
எடுத்ததையெல்லாம் அவர்
மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு மூடினார்,
திரும்ப ஒருவருக்கும் குத்தக்கூடாதாம்.
ஒட்டுகள் ஆறுதான் மிச்சம். ஓட்டை ஏழு.

ஒரு பிக்கப் வந்து நின்றது.
அந்த மனுசி நாயின் பெயரைச் சொன்னாள்,
தன் பெயரைச் சொல்லவில்லை.
ஒரு கலன் தண்ணீரும்
சிலுவை போட்ட நாலு பணிசும் தந்தாள்.
எதுவரை என்று கேட்டாள்.
"ஹோப்ரவுண்" என்றோம்,
இருவரும் ஒரே நேரத்தில்.
அங்கே என்ன இருக்கிறது?
நான் அவரைப் பார்த்தேன்.
"காற்று பின்னாலயிருந்து அடிக்குமெண்டு
போனில காட்டினது" என்றார் பகீரதன்,
அவளுக்கு, தமிழில்.
அவளுக்கு விளங்கியதுபோல்
வடக்கே பார்த்துத் தலையாட்டினாள்.

ஏழாவது ஓட்டைக்கு
பணிஸ் சுற்றியிருந்த பொலித்தீனில் ஒரு துண்டு.
பசையை அவர் பூச நான் ஊதினேன்.
இரண்டு கிலோமீற்றர் தாங்கினால் போதும் என்றார்,
எட்டு இருந்தது.

"நான் முன்னால போறன்" என்றேன்.
"காத்து கூடப்பா."
"தெரியும்."

தெரியவில்லை. முன்னால் வந்தபிறகுதான்
தெரிந்தது அது எவ்வளவு காற்றென்று.
காலையிலிருந்து இதையா
ஒன்றும் சொல்லாமல்.
திரும்பிப் பார்க்க முடியாது,
பார்த்தால் சைக்கிள் வளையும்.
பின்னால் சங்கிலிச் சத்தம் மட்டும்
ஒரு முழத்தில்.

வீதி நடுவில் கறுப்பாய் ஏதோ.
நினைக்குமுன் என் கை இறங்கி
விரல் நீண்டது.
கிட்டப் போனால் குழியில்லை.
தலை எது வால் எதுவென்று தெரியாத
தடித்த ஓணான் ஒன்று
சூடான தாரில் வயிற்றை வைத்துப் படுத்திருந்தது.
நின்றோம்.
அது நீல நாக்கை நீட்டியபிறகுதான்
எந்தப் பக்கம் பிடிப்பதென்று
எங்களுக்குள் வாக்குவாதம் தொடங்கியது.