நாற்பது நிமிடம்

நவம்பர் கடைசியில் வாட்சோவில்
சூரியன் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடும்.
நான் சாத்த முடியாது.
தூவிப் போர்வை விற்கிற பருவமே அதுதான்.

வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேட்பேன்:
படுக்கையறை ஜன்னலைத் திறந்து வைப்பீர்களா?
இரவில் வேர்க்குமா?
இருவரில் யார் கால் ஐஸ்?
மூன்றாவதற்குக் கணவன் மனைவியைப் பார்ப்பான்,
மனைவி சுவரைப் பார்ப்பாள்.
ஆளுக்கொன்றாகக் கட்டிக் கொடுத்துவிடுவேன்.
எங்கள் ஊரில் கட்டில் ஒன்று, போர்வை இரண்டு.
இழுபறி கிடையாது.

கனத்தால் கதகதப்பு என்று நினைக்கிறார்கள்.
கனம் இறகின் காம்பில்.
சூடு தூவியில், வாத்து நெஞ்சின்
காம்பில்லாத அந்தப் பொசுபொசுப்பில்.
ஒரு பிடி அள்ளி மூடினால் கையில் ஒன்றுமில்லை போலிருக்கும்.
திறந்தால் மூச்சு வாங்கி எழும்.
எழாததை வாங்காதீர்கள்.
உறையைக் காதருகே கசக்கிப் பாருங்கள்,
சரசரத்தால் இரவெல்லாம் அதோடுதான் பேச்சு.
தையல் கட்டம் கட்டமாக இருக்கட்டும்,
இல்லாவிட்டால் பிப்ரவரிக்குள்
தூவி மொத்தமும் கால்மாட்டில் குடியேறிவிடும்.

இதையெல்லாம் சொல்லி முடித்தேன்.
குன்வோர், 'ஒன்று போதும்' என்றாள்.
தனி ஆள் போல என்று நினைத்து
சின்ன அளவை எடுக்கப் போனேன்.
'இல்லை, இரண்டு பேர். ஆனால் சேர்ந்து தூங்குவதில்லை.
அவர் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறார், ராத்திரி முழுக்க.
நான் முதல் விமானத்துக்குப் பெட்டிகளைச் சோதிக்கப் போகிறேன்.
நான் ஐந்தே முக்காலுக்கு எழுவேன்.
அவர் வந்து படுக்க ஆறு இருபத்தைந்து ஆகும்.'
கையுறையைக் கழற்றினாள்.
'ஒருவர் எழுந்து போனபின்
இது எவ்வளவு நேரம் சூட்டை வைத்திருக்கும்?'

பதினோரு வருடமாக விற்கிறேன்.
சீட்டில் எடை இருக்கிறது,
துவைக்கும் வெந்நீரின் அளவு இருக்கிறது.
இது இல்லை.

கதவருகே காட்சிக்குப் போட்டிருந்த கட்டிலில்
காலணி கழற்றி நான் படுத்தேன்.
காலுறையில் ஓட்டை. பரவாயில்லை.
அவள் கைப்பேசியில் நேரம் பார்த்தாள்.
செயற்கை இழை: பன்னிரண்டு நிமிடத்தில் மீன் கடை மேடை.
வாத்து: இருபத்தைந்து வரை இழுத்துப் பிடித்தது.
விலை அதிகமான பெருவாத்துக்கு அவளே படுத்தாள்,
படுத்தவள் தூங்கியும் விட்டாள்.
குளியலறை விரிப்பு கேட்டு ஒருவர் வந்தார்,
உதட்டில் விரல் வைத்தேன்.
விரல் நீட்டிக் காட்டி, குறைந்த குரலில் விற்றேன்.

எழுப்பிவிட்டு, நாற்பது நிமிடம் காத்திருந்தோம்.
காபி குடித்தோம். அவள் அதிகம் பேசவில்லை.
பிறகு நான் கையை உள்ளே விட்டேன்.
'இருக்கிறது' என்றேன்.
காபிக் கோப்பையின் சூடாகவும் இருக்கலாம்.
அவளும் கை விட்டாள், நெடுநேரம் எடுக்கவில்லை.
எடுத்ததும் பணம் கொடுத்தாள்.

பிப்ரவரியில், சூரியன் திரும்பி வந்திருந்த ஒரு மதியம்,
மஞ்சள் விளக்கு சுழலச் சுழல
ஒரு பனி வண்டி கடைவாசலில் நின்றது.
அண்டா போன்ற ஆள். தூர்கெய்ர் என்றார்.
போர்வை சரியில்லையா என்று பயந்தேன்.
'போர்வை நல்லதுதான்' என்றார்.
'ஆனால் எனக்கு மட்டும்தானே கிடைக்கிறது.
நான் மதியமே எழுந்துவிடுகிறேன்,
அவள் ஒன்பதுக்குப் படுக்கும்போது
பனிக்கட்டி மாதிரி கிடக்கிறது.
அதனால் அவள் முன்னறையில் செய்தி பார்க்கும்போது
எட்டரைக்கு நான் போய்,
வேலைக்கான உடுப்போடு, அவள் பக்கத்தில்
இருபது நிமிடம் படுத்துவிட்டு எழுகிறேன்.
அவளுக்குத் தெரியாது.'

'பிறகு என்ன குறை?'

'எழுவதில்லை. இரண்டு தடவை தூங்கிப்போய்
வேலைக்குத் தாமதம்.
சத்தம் போடாமல் எழுப்புகிற கடிகாரம்
ஏதாவது வைத்திருக்கிறீர்களா?'

நாங்கள் கடிகாரம் விற்பதில்லை.
எதிர்ச் சாரியில் மூன்றாவது கடை என்று
வாசல் வரை வந்து காட்டினேன்.